கால் பாவாத தேசப்பிதாக்கள்

எட்டாற்றுச் சீமையின் பள்ளிக்கூடங்களில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் ஒரு கேள்வி வந்துவிடும்: "நம் தேசப்பிதாக்கள் அரசியல் சாசனத்தில் அடிமைமுறையை ஏன் ஒழிக்கவில்லை?" பதிலும் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நெட்டுருப் போட்டு எழுதினால் முழு மதிப்பெண். அன்றைக்குக் காலம் கனியவில்லையாம், ஒழித்திருந்தால் வடக்கு மிராசுகளும் தெற்கு மிராசுகளும் பிரிந்து போயிருப்பார்களாம், வயலில் இறங்க வேறு ஆள் கிடையாதாம், ஆனாலும் தேசப்பிதாக்கள் உள்ளுக்குள்ளே அழுதார்களாம். அழுதார்களாம்! மண்ணாங்கட்டி அழுதார்கள். நான் சொல்கிறேன் கேளுங்கள். ஒழித்தால் கால் தரையில் பட்டுவிடும், அதனால் ஒழிக்கவில்லை. அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது, இருந்தால் அந்தப் பாடப்புத்தகத்தை எழுதினவர்கள் என் வீட்டுக்கு வந்து சொல்லட்டும்.

கப்பல் ராஜாவை விரட்டின கதை எல்லாருக்கும் தெரியும். கடல் கடந்து வந்து உட்கார்ந்துகொண்டு நெல்லுக்கு வரி, உப்புக்கு வரி, ஆற்றைத் தாண்டினால் வரி என்று அவன் கேட்டான், "நாங்கள் என்ன உனக்கு அடிமையா?" என்று மிராசுகள் திருப்பிக் கேட்டார்கள், பட்டு அங்கவஸ்திரத்தை உதறிக் கேட்டார்கள், மீசையைத் தடவிக் கேட்டார்கள், கண் சிவக்கக் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குப் பின்னால் விசிறி வீசிக்கொண்டும், வெற்றிலைச் செல்லத்தை ஏந்திக்கொண்டும், துப்புகிற எச்சிலுக்குப் படிக்கத்தை நீட்டிக்கொண்டும் நின்றவர்கள் யார் என்று ராஜா கேட்கவில்லை, ஏனென்றால் அவன் வீட்டிலும் அதே மாதிரி ஆட்கள் நின்றார்கள். கடைசியில் ஒரு நாள் ராஜா கப்பலேறிப் போய்ச் சேர்ந்தான். மறுநாள் காலையில் வேம்பங்கரை ஆற்று மணலில் பந்தல் போட்டு, சீமையின் மிராசுகள் அத்தனை பேரும் பல்லக்கில் வந்து இறங்கி, நீலகண்டக் கிழார் என்பவர் எழுதிவைத்திருந்த பிரகடனத்தைக் கேட்க நின்றார்கள். இந்த நீலகண்டக் கிழார்தான் அவர்களில் நிறையப் படித்தவர், அழகாக எழுதுபவர், தான் எழுதினதைத் தானே படித்துத் தானே கண் கலங்குபவர்.

"பிறந்த மனிதர் எல்லாரும் விடுதலையோடு பிறந்தவர்கள்" என்று அவர் வாசித்து முடித்தார். முடித்த அந்த மூச்சிலேயே, அந்த மணலில் நின்றவர்களில் யார் யார் பேரில் மனிதர்கள் உடைமையாக இருந்தார்களோ அவர்கள் எல்லாரும் தரையை விட்டு எழும்பினார்கள். சத்தமில்லை, வெளிச்சமில்லை, வானத்திலிருந்து பூவும் விழவில்லை. பாதக்குறடுகள் மட்டும் மணலில் அப்படியே கிடந்தன, கால்கள் அவற்றுக்கு மேலே தொங்கின. அதிகம் பேரை வைத்திருந்தவர்கள் அதிகம் எழும்பினார்கள், கொஞ்சம் பேரை வைத்திருந்தவர்கள் கொஞ்சம் எழும்பினார்கள். தெற்கு மாசிலாமணிக் கிழார் முழ உயரம், நம் நீலகண்டக் கிழார் சாண் உயரம், ஒரே ஒரு கிழவனை வைத்துக்கொண்டு மிராசு என்று சொல்லித் திரிந்தவர்கள் விரற்கடை உயரம். அவர்கள் வீட்டுப் பெண்கள் பேரில் எந்த உடைமையும் எழுதுகிற வழக்கம் கிடையாது, அதனால் அவர்கள் அத்தனை பேரும் தரையிலேயே நின்றார்கள். காற்று கொஞ்சம் பலமாக அடித்தபோது மிராசுகள் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் மேலே போகத் தொடங்கினார்கள். பக்கத்தில் நின்ற விசிறிக்காரர்களும் படிக்கக்காரர்களும் பதறிப்போய் ஆளுக்கொரு கணுக்காலைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். பிறகு எல்லாருக்கும் பானகம் கொடுத்தார்கள், கூட்டம் கலைந்தது.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. விடுதலை வந்திருக்கிறது, விடுதலை வந்தால் ஏதாவது ஆகத்தானே செய்யும் என்று இருந்துவிட்டார்கள். எப்படிக் கீழே நிற்பது என்பதுதான் கவலை. இடுப்பில் அம்மிக்கல்லைக் கட்டிப் பார்த்தார்கள், அம்மிக்கல்லும் சேர்ந்து மிதந்தது. தங்கக் காப்பு போட்டுப் பார்த்தார்கள், இரும்புச் சங்கிலி போட்டுப் பார்த்தார்கள், வயிறு முட்டத் தின்றும் பார்த்தார்கள். கூலிக்கு ஆள் வைத்துப் பிடிக்கச் சொன்னால் விளக்கெண்ணெய் தடவின மாதிரி பிடி வழுக்கியது. பெற்ற மகன் பிடித்தாலும் நிற்கவில்லை, கட்டின பெண்டாட்டி பிடித்தாலும் நிற்கவில்லை. யாரை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார்களோ, யாரை அப்பன் சொத்தோடு சொத்தாகப் பெற்றிருந்தார்களோ, அவர்கள் கை பட்டால் மட்டும் நின்றார்கள். ஆக, மிராசு ஒவ்வொருவருக்கும் கணுக்காலைப் பிடிக்க என்று ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்குக் கால்பிடி என்று பேராயிற்று.

ஆறு மாதத்தில் ஊர் இதைச் சாதாரணமாக்கிக்கொண்டது. தையற்காரர்கள் வேட்டிக்குக் கீழே இன்னொரு கரை வைத்துத் தைத்தார்கள், துணி தரையைத் தொட்டால் மரியாதையாக இருக்கும் என்று. பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குப் பாரம் போயிற்று, உள்ளே ஐயா இருக்கிறாரா இல்லையா என்று அடிக்கடி திரையை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு நட்சத்திரப் பொருத்தத்தோடு உயரப் பொருத்தமும் பார்த்தார்கள், முழ உயரத்து வீட்டில் சாண் உயரத்தான் பெண் கேட்டால், "இறங்கி வந்து கேட்கிறாயா, ஏறி வந்து கேட்கிறாயா?" என்று கிண்டல் பண்ணினார்கள். கோவிலில் பிரகாரம் சுற்றும்போது கால்பிடிகள் குனிந்தபடியே சுற்றினார்கள், அதனால் அவர்களுக்கு முதுகு கூனிப்போயிற்று, அந்தக் கூனலைப் பார்த்து இது பக்தியினால் வந்தது என்று ஒரு புலவர் பாடிப் பரிசு வாங்கினார். ஒரு ஆளைக்கூட வைத்திருக்கத் துப்பில்லாத தரித்திரம் பிடித்த சுதந்திர மனிதர்கள் தெரு ஓரத்தில் நின்று, மிதந்து போகிறவர்களைப் பார்த்து, "நம்ம காலத்துல இல்லேன்னாலும் நம்ம பிள்ளைங்க காலத்துல ஒரு விரற்கடையாவது எழும்பிடணும்" என்று ஏங்கினார்கள். அவர்களை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

ஒரு தடவை வடக்கு மிராசு ஒருவரின் கால்பிடிக்குத் தும்மல் வந்தது. பிடி தளர்ந்தது, மிராசு போய்ப் பனைமரத்து உச்சியில் மாட்டிக்கொண்டார், மரமேறிகள் ஏறிப் பறித்துவந்தார்கள். கால்பிடியின் கையில் அடித்தால் நாளைக்குப் பிடிக்கக் கை வேண்டுமே, அதனால் அவனை அடிக்கவில்லை. அவன் மகளைக் கூட்டிவந்து அவன் கண்முன்னே கட்டிவைத்து அடித்தார்கள். அன்றையிலிருந்து சீமையில் எந்தக் கால்பிடிக்கும் தும்மல் வரவில்லை. வந்தாலும் பல்லைக் கடித்து விழுங்கினார்கள், நாட்டை ஸ்திரமாக நிறுத்தியது அந்தப் பல்தான்.

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள், பாடப்புத்தகத்தில் இது இல்லை. இதற்கு மருந்து இருந்தது, அந்த மருந்து எல்லாருக்கும் தெரியும். குழந்தைசாமிக் கிழார் என்று ஒரு சின்ன மிராசு, நாலு விரற்கடை உயரத்தார், ஒரு அறுவடை நாளில் களத்துமேட்டில் தன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, "இனிமே நீங்க யாருக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை, போங்கய்யா" என்றார். கடைசி ஆளுக்குச் சொல்லி முடித்தபோது அவர் கால் சேற்றில் பதிந்தது. ஐயோ என்று அலறவில்லை, மனுஷன் சிரித்தார். சேறு விரலிடுக்கில் பிதுங்குவதைக் குனிந்து பார்த்துப் பார்த்துச் சிரித்தார். வேம்பங்கரை முழுக்க வந்து வேடிக்கை பார்த்தது. மருந்து இவ்வளவு சுலபமா என்று ஊர் வாயைப் பிளந்திருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. "பாவம், இறங்கிட்டாரே" என்று துக்கம் விசாரித்தார்கள். காலில் முள் குத்தினபோது சிரித்தார்கள், செருப்பு வாங்கினபோது சிரித்தார்கள். மிராசுகள் சபையில் அவர் நாற்காலியை எடுத்துவிட்டார்கள், மண்ணை மிதிக்கிறவனுக்கு உயரத்தில் நடக்கிற பேச்சு எப்படிப் புரியும் என்று. அவர் அதற்கப்புறம் ஊர்ப்பேச்சுக்கு வரவேயில்லை, சொந்தக் கையால் உழுது பிழைத்தார்.

இந்த லட்சணத்தில்தான் அரசியல் சாசனம் எழுத உட்கார்ந்தார்கள். ஆற்றங்கரையில் பழைய உப்புக் கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்படித்துச் சபை ஆக்கினார்கள். நாற்காலிகளை உயரத்துக்குத் தகுந்த மாதிரி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்கள், கீழே ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு கால்பிடி குந்தியிருந்தார். மேலே சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேச்சு. கீழே ஒரு சத்தமும் கிடையாது.

நீலகண்டக் கிழாரின் கணுக்காலைப் பிடித்தவள் சடைச்சி. அவள் அம்மாவும் அந்த வீட்டில் பிறந்தவள், அவளும் அந்த வீட்டில் பிறந்தவள், அவள் மகள் பவளாயியும் அந்த வீட்டில் பிறந்தவள். புருஷன் வரப்பில் பாம்பு கடித்துச் செத்துப்போனான். பவளாயிக்குப் பதினேழு வயது, திடகாத்திரமான பெண், நீர் இறைத்து இறைத்து உரமேறின கை. அந்தக் கையில்தான் வந்தது வினை. கிழார் தன் மகளை மாசிலாமணிக் கிழாரின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சாயிற்று, வடக்கும் தெற்கும் சம்பந்தம் ஆனால் நாடு உடையாது என்று ஊர் முழுக்க மெச்சியது. பெண்ணோடு ஒரு பணிப்பெண்ணை அனுப்புவது அந்த வீடுகளின் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் பாத்திரம் பண்டம் எதையும் பெரிதாகக் கேட்கவில்லை, பவளாயியைக் கேட்டார்கள். "மாப்பிள்ளைக்கு உயரம் சாஸ்தி, காத்துக்கு ஆடுறாரு. அந்தப் பொண்ணு கை நல்லாருக்கு" என்றார் மாசிலாமணிக் கிழார், காளைமாட்டுக் கொம்பைத் தட்டிப் பார்த்துச் சொல்கிற குரலில்.

தெற்கு என்பது பெரிய ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே போன ஆள் யாரும் இந்தப் பக்கம் திரும்பி வந்ததில்லை. சடைச்சிக்கு இருந்தது ஒரே பிள்ளை.

அவள் வாய் திறந்து கேட்டாள். கிழார் கூடத்தில் உலவிக்கொண்டிருந்தார், அதாவது அவள் அவரை இழுத்து உலவவிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆண்டே, சபையில எல்லாரும் சமம்னு எழுதப் போறீங்கன்னு பேசிக்கிறாங்க. அதுல நாங்களும் உண்டா?"

கிழார் அவளைக் குனிந்து பார்த்தார். இப்படி ஒருத்தி கீழேயிருந்து கண்ணில் நீரோடு தன்னைப் பார்ப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்கும். "உண்டுடி, ஏன் இல்லாம? நான் எழுதுறேன் பாரு. நான் எழுதினா யாரு மறுக்கப் போறாங்க?"

"அப்ப எம்மவ போக வேண்டாமா?"

"எதுக்குப் போகணும்? சட்டம் வந்துட்டா யாரு யாரை அனுப்புறது?"

அன்று பிற்பகலே மேசைக்கு முன் போய் எழுதினார். "எட்டாற்றுச் சீமையில் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு உடைமை ஆகார்." என்ன அழகான வாக்கியம்! அவரே இரண்டு தடவை உரக்கப் படித்துக்கொண்டார். படிக்கப் படிக்கச் சடைச்சியின் கையில் ஏதோ மாறியது. அதுவரை அந்தக் கால் மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், அவள் கீழே இழுத்துக்கொண்டே இருப்பாள். இப்போது அது இழுக்கவில்லை. ஒரு மனிதக் காலுக்கு உள்ள கனம் அதற்கு வந்திருந்தது. அவளுக்கு மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது, ஆனால் விட்டு எழுந்து போக முடியாதே என்று பிடித்தபடியே இருந்தாள்.

மறுநாள் சபை. கிழார் தாளை எடுத்தார், செருமினார், வாசிக்க ஆரம்பித்தார். "எட்டாற்றுச் சீமையில்" என்றதும் தொங்கு நாற்காலியின் கயிறு மெல்ல முறுக்கியது. "ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு" என்றபோது நாற்காலி அவரோடு சேர்ந்து தாழ்ந்தது, உத்தரம் கிறீச்சிட்டது, சபையில் அத்தனை தலைகளும் திரும்பின. சடைச்சி தன் கைக்குள் அந்தக் கால் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு விரற்கடை, மூன்று, ஒன்று. பெருவிரலுக்கும் தரைக்கும் நடுவே ஒரு நெல்மணி கொள்கிற இடம்தான் இருந்தது.

"என்ன கிழாரே," என்றார் மேலேயிருந்து மாசிலாமணிக் கிழார், "காலு தரையைத் தேடுதா?"

சபை சிரித்தது. பெரிய சிரிப்புகூட இல்லை, மூக்கால் விடுகிற சிரிப்பு. ராஜாவின் பீரங்கிக்கு முன்னால் கண் சிமிட்டாமல் நின்றவர் என்று இவரைப் பற்றிப் பாட்டு இருக்கிறது. அப்பேர்ப்பட்ட சூரர் இந்த மூக்குச் சிரிப்புக்கு வியர்த்துப்போனார். சுற்றிலும் பார்த்தார், எல்லாருடைய பாதமும் தன் பாதத்துக்கு மேலே தொங்குவதைப் பார்த்தார், பாதங்களைப் பார்க்கிற ஆளாகத் தான் ஆகிவிட்டதைப் பார்த்தார். இன்னும் ஒரு சொல்தான் பாக்கி. "ஆகார்" என்று வாயைத் திறந்து சொன்னால் போதும்.

"இது... முதல் வரைவு," என்றார் கிழார். "திருத்தம் இருக்கிறது."

அங்கேயே உட்கார்ந்து அடித்து எழுதினார். "பிறர் பராமரிப்பில் இருப்போர் குறித்து, காலம் கனிந்தபின், வருங்காலத் தலைமுறையினர் யோசிக்கலாம்." பராமரிப்பாம்! அடிமை என்கிற சொல்லைச் சாசனத்தில் ஓரிடத்திலும் வராமல் பார்த்துக்கொண்டார்கள், பின்னால் படிக்கிறவர்கள் தப்பாக நினைத்துவிடுவார்களாம், அவ்வளவு கூச்சம் அவர்களுக்கு. அந்த வரியை எழுதி முடித்ததும் நாற்காலி விர்ரென்று மேலே போனது, பழைய சாண் உயரத்தையும் தாண்டி ஒரு முழத்துக்குப் போனது, சபை கையைத் தட்டின சத்தத்தில் உப்புக் கிடங்கின் சுண்ணாம்பு உதிர்ந்தது. மாசிலாமணிக் கிழார் எட்டி அவர் தோளைத் தட்டி, "சம்பந்தி, நீர்தானய்யா ராஜதந்திரி" என்றார். சடைச்சி இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கை போதவில்லை.

அதோடு விட்டார்களா? மணியக்காரர்களும் சேவகர்களும் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள்தான் சாட்டை பிடிக்கிறவர்கள், ஓடிப்போனவர்களைத் துரத்திப் பிடிக்கிறவர்கள், ஆனால் சொந்தமாக ஆள் கிடையாது, கால் தரையில்தான். "ஐயாமாரே, நாங்க மட்டும் மண்ணுல நடக்கிறது சர்க்காருக்கே அவமானமில்லையா? எங்களுக்கும் ஆளுக்கொரு விரற்கடை போட்டுக்கொடுங்க" என்று கேட்டார்கள். சபைக்கு அது நியாயமாகப் பட்டது. கையில் கொஞ்சம் உடைமை இருந்தால் காவலில் இன்னும் அக்கறை வரும் என்று கணக்குப் போட்டு, சாசனத்தின் கடைசிப் பிரிவாக, சர்க்கார் சேவகர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளைத் தானமாக எழுதினார்கள். அன்று மாலை சீமையின் காவல் படை மொத்தமும் தரையை விட்டு விரற்கடை உயரம் எழும்பி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கால்பிடிகள் இழுக்கத் தெருவில் உலா வந்தது. துரத்திப் பிடிக்கிறவன் கால் தரையில் இல்லாவிட்டால் யார் துரத்துவது என்று அத்தனை படித்தவர்களில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. அவ்வளவு பெரிய மூளைகள்!

சாசனப் பிரகடன விழாவுக்கு முதல் நாள் கிழார் கண்ணாடி முன் புதுப் பட்டு அங்கவஸ்திரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். சடைச்சி கேட்டாள்.

"எழுதினீங்களே, ஆண்டே."

"எழுதினேன்டி. நானா இல்லைங்கிறேன்? என் மனசுக்குத் தெரியும், தெய்வத்துக்குத் தெரியும். ஆனா நாடுன்னு ஒண்ணு இருக்கு பாரு, எல்லாரையும் அணைச்சுப் போகணும்ல."

"எம்மவ?"

"நல்ல இடத்துக்குத்தான் போறா. மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. நீ ஏன் கலங்குற? உன் பேரன் பேத்தி காலத்துல இதெல்லாம் தானா மாறிடும்."

"அந்தப் பேரன் பேத்தி யாரு பேருல பொறக்கும், ஆண்டே?"

கிழார் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்தார். "காத்தடிக்குது, இறுக்கிப் பிடி" என்றார்.

விழா நாள் காலையில் கல்யாண வண்டிகள் தெற்கே கிளம்பின. முன்னால் மாப்பிள்ளை, அவர் காலைப் பிடித்தபடி பவளாயி, பின்னால் கூண்டு வண்டியில் புதுப்பெண், சுற்றிலும் மிதக்கிற சேவகர்கள். சடைச்சியை வழியனுப்ப விடவில்லை. கிழாருக்கு அன்றைக்கு மேடை இருந்தது, அவளுக்குக் கிழாரின் கால் இருந்தது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டபோது அவள் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறந்ததிலிருந்து பவளாயியை அவள் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரத்தைவிட இந்தக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆத்திரம் அப்போதுதான் வந்தது. அதுவரை பயம் மட்டும்தான் இருந்தது.

மேடை திறந்த வெளியில், அதே ஆற்று மணலில். உள்ளே உத்தரம் இருக்கும், கூரை இருக்கும், போனாலும் முட்டிக்கொண்டு நிற்கலாம், இங்கே வானம்தான். ஆனால் மக்கள் தங்களை நன்றாக அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று தேசப்பிதாக்கள் ஆசைப்பட்டார்கள். நீலகண்டக் கிழார் சாசனத்தை விரித்து, "விடுதலை பெற்ற மக்களே" என்று தொடங்கினார்.

சடைச்சி இரண்டு கையையும் எடுத்தாள். எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

வாழைமர உயரத்தில்தான் அவருக்கு உறைத்தது. "சடைச்சி! ஏய், பிடி!" என்றார். கூரை உயரத்தில், "உன் மகளை அடிச்சுக் கொல்லச் சொல்வேன்!" என்றார். சேவகர்களைப் பார்த்து, "அவளைப் பிடிங்கடா!" என்று கத்தினார். சேவகர்கள் கையைக் கையை நீட்டினார்கள், காற்றில் காலை உதைத்தார்கள், ஓரடி நகர முடியவில்லை. இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய கால்பிடிகள் ஓடவில்லை. மணலில் குந்தினபடி சடைச்சியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இப்ப சொன்னாலும் இறங்கிடலாம், ஆண்டே," என்று சடைச்சி மேலே பார்த்துச் சொன்னாள். "நான் யாருக்கும் சொந்தமில்லைன்னு சொல்லுங்க. எம்மவளையும் மத்தவங்களையும் சேர்த்துச் சொல்லுங்க."

கிழாருக்கு அது தெரியாதா? வாக்கியமே அவர் எழுதினதுதானே. வாயைத் திறந்தார், கீழே பார்த்தார். அன்றைக்குச் சபையில் சொல்லியிருந்தால் வீட்டுப்படியில் இறங்குகிற மாதிரி இறங்கியிருப்பார், ஒரு நெல்மணி தூரம். இப்போது பனை உயரம் ஆகியிருந்தது, சொன்னால் எலும்பு மிஞ்சாது. ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முழம் ஏறிக்கொண்டிருந்தது, ஏற ஏறச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. அப்புறம், சொல்லவே கேவலமாக இருக்கிறது, அந்த முகத்தில் பயம் கொஞ்சம் தணிந்தது. மாசிலாமணிக் கிழாரின் வழுக்கைத் தலை கீழே தெரிந்தது. சீமையில் இத்தனை உயரத்துக்கு யாரும் போனதில்லை. கிழார் வாயை மூடிக்கொண்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார், அப்படியே போய்ச் சேர்ந்தார். பாடப்புத்தகத்தில் இதை அமரரானார் என்று போட்டிருக்கிறார்கள்.

அவருக்குப் பின்னால் அந்த மணலில் இன்னும் யார் யார் கை எடுத்தார்கள் என்று சடைச்சி திரும்பிப் பார்க்கவில்லை. தெற்கே ஓடினாள். முதுகு நிமிர்ந்து ஓடிப் பழக்கமில்லாததால் முதலில் குனிந்தே ஓடினாள். பெரிய ஆற்றின் துறையில் வண்டிகள் படகுக்குக் காத்து நின்றன. மாப்பிள்ளை மிதந்தபடி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பவளாயி அவர் காலடியில் மணலில் உட்கார்ந்து, ஒரு கையால் கணுக்காலைப் பிடித்து, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பிடியை விடாமல் பாதி எழுந்தாள்.

"ஆத்தா! நீ எப்படி வந்தே? ஆண்டே காலு?"

"அவரு போயிட்டாரு." சடைச்சி மூச்சு வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "தம்பி, நீங்க சின்னப் பிள்ளை. இன்னும் தரைக்குக் கிட்டத்துலதான் இருக்கீங்க. இவளும் உங்க மத்த ஆளுங்களும் யாருக்கும் சொந்தமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு இறங்கிக்குங்க."

மாப்பிள்ளை இளநீரை வாயிலிருந்து எடுத்தார். சேவகர்களைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், நிஜமாகவே யோசித்தார். "அப்பாவைக் கேக்கணும்" என்றார்.

"கையை எடு, பவளாயி."

பவளாயி சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் சேவகர்கள், ஒவ்வொருவன் இடுப்பிலும் சாட்டை, ஒவ்வொருவன் காலடியிலும் இழுத்துப்போக ஒரு கால்பிடி.

"அடிப்பாங்களே, ஆத்தா."

"அடிக்கிறதுக்குக் கை எட்டணும்ல?"